பிசியோவின் முதுகுக்குப் பின்னால்

பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட மன்னிப்புக் கேட்ட மனிதர் என் வீட்டுக்காரர். ஒருநாள் குழாயைப் பிடித்திருந்தவன் இவர் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "நீங்கதானே அந்த கோல் விட்டவரு?" என்று கேட்டான். இவர் கண்ணாடியை இறக்கி, "ஆமாம்பா, நான்தான். மன்னிச்சுக்க" என்றார். அந்த ஆட்டம் நடந்தபோது அவன் டவுசர் போட்டுக்கொண்டு மூக்கு ஒழுகத் திரிந்திருப்பான். அவன் முன்னால் இவர் எதற்குக் கூனிக் குறுக வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் வண்டி நின்றாலும் சரி, இனி அந்தப் பெட்ரோல் பங்க்குக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். இன்றுவரை போகவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு வைத்திருக்கிறேன். ஸ்கூல் என்றால் ஒரு கார், அதில் நான், அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன், என் காலுக்குக் கீழே இன்னொரு பிரேக் இருக்கும். என்னிடம் படித்தவர்கள் சீக்கிரம் லைசென்ஸ் வாங்குவதற்குக் காரணம் திறமை இல்லை, என்னிடமிருந்து தப்பித்தால் போதும் என்கிற அவசரம் என்று என் தம்பி கிண்டல் செய்வான். செய்யட்டும். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது விளக்குக் கம்பத்தில் போய் மோதுவார்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவர் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றின் கேப்டன், தடுப்பாட்டக்காரர். எல்லாரும் இவரைச் "சுவர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் இவர்கள் தட்டுத் தடுமாறி பிளே-ஆஃப் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அதில் ஜெயித்தால் முதல் டிவிஷன். தோற்றால் பழைய குருடி கதவைத் திறடி. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பந்து இவர் காலுக்கு வந்தது. கிட்டத்தில் எதிராளி ஒருவரும் இல்லை. இவர் நிதானமாகத் திரும்பி, கோல்கீப்பர் இருப்பார் என்று நினைத்த இடத்துக்கு பந்தை மெல்ல உருட்டிவிட்டார். கோல்கீப்பர் அங்கே இல்லை. அவர் வேறு பக்கம் நின்று "இங்க, இங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். பந்து யாருக்கும் அவசரமில்லாததுபோல் உருண்டு உருண்டு நம் வலைக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.

அதைவிடக் கொடுமை, பந்து கோட்டைத் தாண்டுவதற்குள் இவர் திரும்பி நின்று, கையைத் தூக்கி, பையன்களை முன்னால் ஏறிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக நடக்கிறது என்ற முகம். பின்னால் வலை ஆடுகிறது. அந்தப் படம்தான் பேப்பரில் வந்தது. பிறகு பனியனில் அச்சடித்து விற்றார்கள். காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தான் என்று பேசியவர்கள் பேசினார்கள். கிளப் அதற்குப் பிறகு மேலே ஏறவே இல்லை, கொஞ்ச காலத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். இவரை வேறு எந்தக் கிளப்பும் தொடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் புல் வெட்டுகிற வேலைக்கும் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலைக்கும் போனார். கோடு போடும் வண்டியைத் தள்ளும்போதும் தலையைக் குனிந்துதான் தள்ளுவார்.

அந்த ஆட்டத்தில் ஒன்றுகூட இவருக்கு நினைவில்லை. "பூட்ஸ் லேஸ் கட்டினது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் பஸ்ல யாரோ அழுதாங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல" என்பார். அதிர்ச்சியில் மறந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் எதிராளி ஒருவனோடு தலையும் தலையும் மோதி இவர் விழுந்தது உண்மை. அணியில் காயம் பார்க்கிற பிசியோ ஓடிவந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். யாரோட ஆடுறோம், ஸ்கோர் என்ன, இது எந்தப் பாதி. இவர் எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொல்லிவிட்டு எழுந்தார். பிசியோ பிறகு பேப்பர்காரர்களிடம் அதைத்தான் சொன்னார். சுயநினைவோடு இருந்த மனிதர், சரியாகப் பதில் சொன்ன மனிதர், அப்புறம் எப்படி? இவருக்குச் சாக்குச் சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று. தனக்கு ஞாபகமே இல்லாத ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, தான் செய்ததாக மற்றவர்கள் சொன்ன தப்பை மனப்பாடம் செய்துகொண்டார்.

என் தம்பியும் அந்த அணியில்தான் இருந்தான். எல்லாரிலும் சின்னவன் அவன், வலது ஓரத்தில் ஆடுவான். அடுத்த சீசனே பெரிய கிளப் ஒன்று அவனைக் கொத்திக்கொண்டு போயிற்று. ஆட்டம் ஓய்ந்த பிறகு டிவியில் வர்ணனைக்குப் போனான். இப்போது அவன் முகத்தைவிடக் குரலைத்தான் ஊருக்கு நன்றாகத் தெரியும். பேச ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டான். ஆனால் தலைக்கனம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவான். இவருக்கு முடியாமல் போனதிலிருந்து மாமாவைக் குளிக்க வைப்பான், நகம் வெட்டிவிடுவான். எத்தனையோ வருடத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவன் எங்கள் வீட்டில் பேசியதில்லை. மாமா மனது புண்படக் கூடாது என்கிற நல்ல எண்ணம் என்று நான் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன்.

பிறகு இவருக்கு ஞாபகம் கலைய ஆரம்பித்தது. மைதானத்தில் நடு வட்டத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டு வைத்தார். ஒருநாள் ஆசிரியர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில் பெனால்டி பாக்ஸ் வரைந்துவிட்டார். தலைமையாசிரியை தங்கமான மனுஷி, நோகாமல் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு சோப்பு ஃபிரிட்ஜுக்குள் போயிற்று, சாவி குப்பைத் தொட்டிக்குள் போயிற்று. சில நாள் என் பெயரும் போயிற்று. அது மட்டும் போகவில்லை. காலையில் கண்ணைத் திறந்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் விட்டேன், இல்ல?" என்பார்.

எனக்கு அதுதான் ஆறவில்லை. வியாதி வந்தால் வரட்டும், யாருக்குத்தான் வரவில்லை. மறதி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறதே, இந்தப் பழியை முதலில் எடுத்துக்கொண்டு போகக் கூடாதா? சாவதற்குள் ஒரே ஒரு நாளாவது இவர் நிம்மதியாகக் கண் விழிக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மூளை டாக்டரிடம் தம்பிதான் ஏற்பாடு செய்தான். மூவரும் போனோம். சின்ன அறை. டாக்டரம்மாவுக்கு எதிரே இரண்டு நாற்காலிதான் இருந்தது, அதில் நானும் இவரும் உட்கார்ந்தோம். தம்பி டாக்டரம்மாவின் முதுகுப் பக்கம், ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

டாக்டரம்மா இவரிடம் தணிந்த குரலில், "இது எந்த மாசம்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

இவர் விழித்தார். காலையில்கூட என்னிடம் மழைக்காலமா என்று கேட்டவர். இது தேறாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "நாலாம் மாசம்" என்றார்.

சரியான பதில். எனக்கு ஒரே ஆச்சரியம்.

"நல்லது. நாம இப்ப எத்தனாவது மாடியில இருக்கோம்?"

"மூணு."

அதுவும் சரி. லிஃப்டில் ஏறியதே தெரியாத மனிதர். முகத்தில் என்னவோ பரீட்சையில் பாஸானவர்போல் ஒரு களை வேறு. இவர் டாக்டரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலே எங்கோ பார்க்கிறார் என்று அப்போதுதான் கவனித்தேன். நானும் பார்த்தேன். ஜன்னலோரம் என் தம்பி மார்புக்கு நேராக மூன்று விரலை நீட்டிக்கொண்டு நின்றான்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அதை விரலில் காட்ட முடியாது. தம்பி எதையோ கடிப்பதுபோல் வாயை அசைத்தான். இவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். தம்பி காதைச் சொறிந்தான்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டரம்மா. டிவியில் வருகிற ஆளை அப்படிச் சொன்னதில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவன் வெளியே போனதும் இவருக்கு ஒரு பதிலும் வரவில்லை.

கடைசியில் டாக்டரம்மா என்னிடம், தலையில் அடிபட்டதுண்டா என்று கேட்டார். ஆட்டக்காரருக்கு அடிபடாமல் இருக்குமா என்றேன். "ஒரே ஒரு அடியால வந்ததுன்னு சொல்ல முடியாதும்மா. வருஷக்கணக்கா பந்தைத் தலையால முட்டினது, அடிபட்ட பிறகும் ஆடினது, எல்லாம் சேர்ந்திருக்கும். அடிபட்ட உடனே வெளிய எடுத்துடணும். அப்ப அந்த விவரம் நிறைய பேருக்குத் தெரியாது" என்றார்.

திரும்பும்போது என் டிரைவிங் ஸ்கூல் காரில்தான் வந்தோம். நான் ஓட்டினேன். தம்பி பக்கத்தில், நான் பாடம் நடத்தும்போது உட்காருகிற இடத்தில் இருந்தான். இவர் பின்னால்.

"என்னடா அது?" என்றேன்.

"எது?"

"விரலைக் காட்டிட்டு நின்னியே."

அவன் சிரித்தான். "பழக்கதோஷம் அக்கா. மாமா முழிச்சிட்டு இருந்தாரு, கை தானாப் போயிடுச்சு."

"என்ன பழக்கம்?"

பின் இருக்கையிலிருந்து இவர் பெருமையாக, "பிட்டு" என்றார். "பிட்டு குடுத்தான். கெட்டிக்காரப் பையன்."

தம்பி விளக்கினான். பரீட்சையில் துண்டுச் சீட்டைக் கை மாற்றுவார்களே, அது மாதிரி. ஆட்டத்தில் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால் பிசியோ வந்து கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். அதனால் கூட ஆடுகிறவன் ஒருவன் பிசியோவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். இடது கையில் நம் கோல், வலது கையில் அவர்கள் கோல். முதல் பாதி என்றால் முஷ்டி, இரண்டாம் பாதி என்றால் விரித்த கை. எதிர் அணியின் பெயரை மட்டும் வாயசைத்துச் சொல்ல வேண்டும். அணியில் எல்லாரும் எல்லாருக்கும் செய்ததுதானாம். வெளியே உட்கார வைத்துவிட்டால் அடுத்த ஆட்டத்தில் இடம் போய்விடும் என்கிற பயம்.

"மாமாதான் அதுல மன்னன். எனக்கே எத்தனை தடவை குடுத்திருக்காரு தெரியுமா" என்று சிரித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். எனக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த மேட்ச்லயும் குடுத்தியா?" என்று கேட்டேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"அக்கா, மெதுவாப் போ."

"குடுத்தியா, இல்லையா?"

"மாமா என்னைப் பாத்தாரு அக்கா. எப்பவும் பாக்கற மாதிரிதான் பாத்தாரு. நான் காட்டினேன். இடது கையில ஒண்ணு, வலது கையில ஒண்ணு."

"அவருக்கு நிஜமாவே தெரியலன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

அவன் குரல் டிவியில் கேட்கிற குரலாகவே இல்லை. "எழுந்து வரும்போது கேட்டாரு. நம்ம கோல் எந்தப் பக்கம்டா மச்சான்னு. நான் விளையாட்டுக்குக் கேக்கறாருன்னு நினைச்சேன்." பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். "இல்ல. அப்படி நினைக்கல. மாமா இல்லன்னா ஜெயிக்க முடியாதுன்னு நினைச்சேன்."

என் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் ஒரு பஸ் நின்றிருந்தது. கார் அதன் பின்பக்கத்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. தம்பி தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தான். பெல்ட் என் தோளை வெட்டியது. கார் பஸ்ஸை முத்தமிடாத குறையாக நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள்.

"அன்னைக்கு எங்கடா போச்சு இந்தக் கால்?" என்றேன்.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பின்னாலிருந்து இவர் தலையை நீட்டி, "என்னாச்சு? ஃபவுலா?" என்று கேட்டார்.

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று வீட்டு வாசலில் வைத்துக் கேட்டேன். முதலில் பிசியோவுக்கு வேலை போய்விடும் என்று பயமாக இருந்ததாம். அப்புறம் பெரிய கிளப் கூப்பிட்டதாம். அப்புறம் சொல்வதற்கு நேரம் வரவில்லையாம். வாரா வாரம் வந்து நகம் வெட்டியவனுக்கு நேரம் வரவில்லை. அவனை நான் பளார் என்று அறைந்திருப்பேன். அந்தப் பக்கம் இவர், "மச்சான் பசியோட வந்திருப்பான், ஏதாவது குடு" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் கையை அடக்கிக்கொண்டேன்.

"என்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? அவருகிட்ட சொல்லு" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னான். இவர் நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முழங்காலைத் தொட்டபடி, ஒன்று விடாமல் சொன்னான். இவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவன் தலையில் கை வைத்து, "விடுடா மச்சான். நான் பாத்தேன், நீ குடுத்த. நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்" என்றார். பிறகு, "அப்ப நான் விடலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க விடல. உங்க மேல தப்பே இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமான புதிதில் பார்த்த தோள். நான் டீ போடப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருட அழுகை, சீக்கிரம் முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு டீயோடு வந்தபோது இவர் பழையபடி கூனிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் விட்டேன், இல்ல?" என்றார்.

தம்பி அடுத்த வாரமும் வந்து சொன்னான். அதற்கு அடுத்த வாரமும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் இவர் புதிதாகக் கேட்டார், புதிதாக மன்னித்தார், தலையில் கை வைத்தார். தம்பியின் முகம் வாரத்துக்கு வாரம் தெளிந்துகொண்டு வந்தது. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே லேசாகச் சீட்டியடிக்கக்கூட ஆரம்பித்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. தப்புச் செய்தவனுக்கு வாரா வாரம் மன்னிப்பு. செய்யாதவருக்கு டீ ஆறுவதற்குள் பழி திரும்பி வந்துவிடுகிறது. கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் அவனை வெறுத்தேன்.

"இனிமே அவருகிட்ட சொல்லாதே" என்றேன். "அவரு மறந்துடுவாரு. மறக்காதவங்க ஊரெல்லாம் இருக்காங்க. அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

அதற்குச் சந்தர்ப்பமும் தானாக வந்தது. அவன் வேலை செய்கிற டிவியில் பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்துப் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று தொடங்கியிருந்தார்கள். "மறக்க முடியாத ஆட்டங்கள்" என்று பெயர். அதில் இந்த ஆட்டத்தையும் எடுத்திருந்தார்கள். நேரடி ஒளிபரப்பு, பேச வருகிறவன் என் தம்பி.

"சொல்லுவியா?" என்றேன்.

"சொல்றேன் அக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சத்தியமா சொல்றேன். இதுக்கு மேல என்னால சுமக்க முடியாது."

அன்று வகுப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவருக்கு சவரம் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டேன். டிவிக்குள் இருப்பவர்களுக்கு இவர் தெரியப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அழுக்குச் சட்டையோடு இவர் விடுதலையாகக் கூடாது என்று தோன்றியது. சாயங்கால வெயில் விழாமல் திரையை இழுத்துவிட்டு, இருவரும் சோபாவில் உட்கார்ந்தோம்.

தம்பி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். பேச்சு நடத்துகிறவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஆள். ஆட்டத்தைத் துண்டு துண்டாகக் காட்டினார்கள். தலையும் தலையும் மோதியது வந்தது. இவர் விழுந்து கிடக்கிறார். பிசியோ முழங்கால் போட்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், இரண்டு கை. இடது கையில் ஒரு விரல், வலது கையில் ஒரு விரல். பிறகு விரித்த கை. இந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன். ஊரே பார்த்திருக்கிறது. எல்லாரும் விழுந்தவரைத்தான் பார்த்தோம்.

பிறகு அது வந்தது. பந்து உருண்டது, இவர் கை உயர்ந்தது, வலை ஆடியது. பேச்சு நடத்துகிறவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துவிட்டு, "எல்லாரும் கேக்கற கேள்விதான். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. அந்த நேரத்துல உங்க கேப்டனுக்கு என்னதான் ஆச்சு?" என்றார்.

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். தண்ணீரை எடுத்துக் குடித்தான். காமிரா அவன் முகத்துக்குக் கிட்டே போயிற்று. நெற்றியில் வியர்வை தெரிந்தது. சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

இவர் சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். "முழிக்கிறான் பாரு" என்றார் என்னிடம், கிசுகிசுப்பாக. பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டார். மார்புக்கு நேராக இரண்டு கையையும் தூக்கினார். இடது கையில் ஒரு விரல். வலது கையில் ஒரு விரல். டிவிக்குள் இருந்தவனுக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் முன்னால் நீட்டிப் பிடித்தார். பிறகு கையை விரித்துக் காட்டினார், பிறகு மறுபடியும் விரல்கள். கையை இறக்கவே இல்லை.

"என்ன சொல்றது" என்றான் தம்பி. குரல் பழையபடி சரளமாகிவிட்டது. "ரொம்ப நல்ல மனுஷன். பெரிய ஆட்டக்காரர். ஒரு நொடி கவனம் சிதறிடுச்சு. விளையாட்டுன்னா அப்படித்தான், இல்லையா?"

பேச்சு நடத்துகிறவர் ஆமாம் ஆமாம் என்றார். பற்பசை விளம்பரம் வந்தது.

நான் டிவியை அணைத்தேன். மேஜைமேல் என் ஃபோன் அதிர ஆரம்பித்தது. தம்பியின் பெயர். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். இவர் இன்னும் விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொன்றாக மடக்கி, இரண்டு கையையும் என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லிட்டானா?" என்று கேட்டார்.

"இல்லங்க."

"நான் காட்டினேனே."

"காட்டினீங்க. அவன் சொல்லல."

இவர் இருண்ட டிவியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு பேசியபோது அது கேப்டனாக இருந்த காலத்துக் குரல். அதை நான் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று.

"அப்ப அவனை வெளிய எடுக்கச் சொல்லு. பதில் வரலன்னா ஆடவிடக் கூடாது. சின்னப் பையன், பாவம், அவன் வாழ்க்கை போயிடும்."